காசு வாங்கினது தப்பில்லங்க, மறைச்சதுதான் தப்பு

செஸ் இன்ஜின்களை, அதாவது தானா செஸ் ஆடுற ப்ரோக்ராம்களை, ஒண்ணோட ஒண்ணு மோத விடுறது எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். நைட்டு லேப்டாப்ல மேட்ச் ஓட விட்டுட்டுப் படுத்துடுவேன், காலைல எந்திரிச்சதும் முதல்ல பாக்குறது ஸ்கோரைத்தான்.

ஒரு தடவை காசு குடுத்து ஒரு இன்ஜின் வாங்கினேன், யாருதுன்னு இங்க சொல்லல. முழுக்க சொந்தமா எழுதினதுன்னு போட்டிருந்தாங்க. ஸ்டாக்ஃபிஷ்ங்கற இலவச இன்ஜின் கூட விட்டா டிரா மேல டிரா. சரி, பெரிய இன்ஜின்னா டிரா வரத்தான் செய்யும்னு விட்டுட்டு, நாலஞ்சு மூவ் சமமா நல்லா இருக்கற அமைதியான பொசிஷனா நிறைய எடுத்துக் குடுத்துப் பாத்தேன், அங்கயும் ரெண்டும் திரும்பத் திரும்ப ஒரே மூவைத்தான் எடுக்குது. ஸ்டாக்ஃபிஷையே பேர் மாத்தி வித்திருக்காங்கன்னு தோணுச்சு, மனசு விட்டுப் போச்சு.

இது புதுசும் இல்ல. 2011ல ரிப்காங்கற இன்ஜினோட உலக சாம்பியன் பட்டங்களையே ஐசிஜிஏங்கற கம்ப்யூட்டர் கேம் சங்கம் பறிச்சுது, ஃப்ரூட்ங்கற இன்னொரு இன்ஜினோட கோடை எடுத்து ஆடுச்சுன்னு சொல்லி. அந்த முடிவு சரியான்னு இன்னைக்கும் சண்டை ஓடுது. 2021ல ஃபேட் ஃபிரிட்ஸ் 2ங்கற இன்ஜின். செஸ்பேஸ்ங்கற ஜெர்மன் செஸ் சாஃப்ட்வேர் கம்பெனி அதைக் கிட்டத்தட்ட 100 யூரோவுக்கு வித்தாங்க, உள்ள இருந்தது ஸ்டாக்ஃபிஷ், கூட பொசிஷனை எடை போட வேற ஒரு நியூரல் நெட்வொர்க். ஸ்டாக்ஃபிஷ் டீம் ஜெர்மனில கேஸ் போட்டு, 2022 நவம்பர்ல சமரசம் ஆச்சு, ஒரு வருஷம் ஸ்டாக்ஃபிஷ் கோடு இருக்கற எதையும் செஸ்பேஸ் விக்கக் கூடாதுன்னு முடிவாச்சு.

நிறைய பேர் இதை ஓசில குடுத்ததை வித்துட்டாங்கன்னு புரிஞ்சுக்கறாங்க. அப்படி இல்லங்க. ஸ்டாக்ஃபிஷ் வர்றது ஜிபிஎல்ங்கற லைசென்ஸ்ல, அதுல தாராளமா விக்கலாம், ஆனா வாங்கினவனுக்கு சோர்ஸ் கோடு கிடைக்கணும், காப்பிரைட், லைசென்ஸ் விவரம் அப்படியே கூட வரணும், அவன் அதை மாத்தி இன்னொருத்தனுக்குக் குடுக்கவும் உரிமை இருக்கணும், அவ்வளவுதான் கேக்குது.

டெஸ்ட் பண்றவங்களுக்கும் இது உயிர் மாதிரி. சிசிஆர்எல் மாதிரி ரேட்டிங் லிஸ்ட் எல்லாம் ஆர்வலர்கள் சொந்த கம்ப்யூட்டர்ல சொந்தக் கரண்ட் பில்லுல ஓட்டுறது, விக்கிறவன் சொல்ற நம்பரை நம்பாம நாமளே பாக்கலாம்னுதான். 100 கேம்ல 50 எலோ (ஆட்ட பலத்தை அளக்கற புள்ளி) வரைக்கும் கூடக் குறைய வரும், அதனால ஆயிரக்கணக்குல ஓட்டணும், ஒரே ஓப்பனிங்கை ரெண்டு கலர்லயும் ஆட வைக்கணும். இவ்வளவு பாடுபட்டு ஓட்டினப்புறம் லிஸ்ட்ல முதல் அஞ்சுல மூணு ஒரே இன்ஜின் வேற வேற பேர்லன்னா அந்த உழைப்புக்கு என்னங்க மரியாதை?

இப்பல்லாம் புது இன்ஜின் எது வந்தாலும் மேட்ச் விடுறதுக்கு முன்னாடி டெர்மினல்ல ஓப்பன் பண்ணி யுசிஐன்னு டைப் பண்ணிப் பாப்பேன், இன்ஜின் தன் பேரையும் எழுதினவங்க பேரையும் சொல்ற கமாண்ட் அது. ஸ்டாக்ஃபிஷ்ல ஆத்தர்னு வர்ற வரில தனியா ஒருத்தர் பேர் இருக்காது, எழுதின எல்லாரையும் சேர்த்து ஆத்தர்ஸ் ஃபைலைப் பாருன்னு சொல்லும். நான் காசு குடுத்து வாங்கின அந்த இன்ஜின்ல ஒரே ஒரு ஆள் பேர்தான் இருந்துச்சு.