தட்டைத் தானிய வண்டு: இரண்டு மில்லிமீட்டரில் இனம் பிரித்தல்

கோதுமைக் குருணையிலும் பழைய சோளத்திலும் ஓடும் செம்பழுப்பு வண்டுகள் எல்லாமே மாவு வண்டு அல்ல. 3 முதல் 4 மி.மீ. இருந்தால் அது செம்மாவு வண்டு. முன்மார்பின் ஓரத்தில் பக்கத்துக்கு ஆறு பற்கள் தெரிந்தால் ரம்பப்பல் வண்டு. 2 மி.மீ. சுமாருக்கு, ஓரத்தில் பற்கள் இல்லாமல், காகிதம்போல் தட்டையாக, நீண்ட உணர்கொம்புகளோடு இருந்தால் அதுதான் தட்டைத் தானிய வண்டு, கிரிப்டோலெஸ்டெஸ் பேரினம். மரப்பட்டைக்கு அடியில் வாழும் தட்டை வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தத் தட்டை உடலால்தான் தானிய இடுக்குகளிலும் அதனால் நுழைய முடிகிறது. முழுத் தானியத்தைத் துளைக்கும் வலு அதற்குக் கிடையாது. விரிசல் வழியே புகுந்து முதலில் முளைப்பகுதியைத் தின்னும்.

பிடிக்க மிகவும் உதவியது கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி. அதன் துளைகள் 2 மி.மீ.: வண்டு உள்ளே விழும், தானியம் விழாது. மூடி மட்டும் வெளியே தெரியும்படி செங்குத்தாகப் புதைக்க வேண்டும். குளிர்ந்த தானியத்தில் வண்டுகள் அதிகம் நடமாடாததால், பொறி காலியாக இருப்பதை வைத்து வண்டு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. மாவில் துளைகள் அடைத்துக்கொள்ளும். அங்கே ரவைச் சல்லடைதான் சரி.

பிடித்த வண்டுகளை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். 90-க்கு மேல் போனால் உடல் விறைத்து, தொட்டதும் உணர்கொம்பு ஒடிந்துவிடும். இனத்தைச் சொல்ல அந்த உணர்கொம்பு மிகவும் தேவை. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கு போதும். ஆனால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மேலிருந்து ஒளி விழுந்தால் ஈர உடல் பளபளத்து, முன்மார்பின் இரு ஓரங்களையும் ஒட்டி நீளும் மெல்லிய மேட்டுக்கோடு மறைந்துவிடும். இந்தக் குடும்பத்தின் அடையாளமே அந்தக் கோடுதான்.

இனி இனம். இந்தப் பேரினத்தில் இங்கே பிரித்தறிய வேண்டியவை புசில்லஸ், ஃபெருஜினியஸ், டர்சிகஸ் என்ற மூன்று இனங்கள். புசில்லஸ் ஆணின் உணர்கொம்பு ஏறக்குறைய உடல் நீளம், பெண்ணுக்குப் பாதி. முன்மார்பு நீளத்தைவிட அகலம். ஃபெருஜினியஸில் இரு பாலுக்கும் உணர்கொம்பு உடலில் பாதியளவே. ஆணின் தாடையின் அடிப்பகுதியில் வெளிப்பக்கமாக ஒரு பல் துருத்தும். டர்சிகஸ் ஆணுக்கும் நீண்ட உணர்கொம்பு உண்டு என்பதால் புசில்லஸோடு குழப்பும். பெண்களை வெளித்தோற்றம் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது சரியில்லை என்பதே என் கருத்து. பிறப்புறுப்பைப் பார்த்தாக வேண்டும்: வயிற்றுப் பகுதியைப் பிரித்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவிட்டு, நீரில் அலசி, கிளிசரினில் பரப்புங்கள். சூடேற்றி அவசரப்படுத்தினால் பார்க்க வேண்டிய கடின உறுப்புகளே வெளுத்து, விளிம்பு தெரியாமல் போகும்.

எங்கே எது கிடைக்கும் என்பது பெரும்பாலும் வெப்பமும் ஈரமும் தீர்மானிப்பது. புசில்லஸ் வெப்பமான, ஈரமான நாடுகளில் மிகுதி. டர்சிகஸ் மிதவெப்ப நாடுகளின் மாவு ஆலைகளில். ஃபெருஜினியஸ் உலகெங்கும் உண்டு. குளிரையும் வறட்சியையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும், அதனால்தான் கனடாவின் கோதுமைக் களஞ்சியங்களில் அது தலையாய பூச்சி. ஆகவே மாதிரியோடு வைக்கும் சீட்டில் இடம், தேதியோடு தானியத்தின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். பேரினப் பெயரோடு நிறுத்துவது போதாது: 2007-இல் ஆஸ்திரேலியாவில் தானியப் பூச்சிகளைக் கொல்லும் பாஸ்பீன் புகைக்கு வலுவான எதிர்ப்பு பதிவானது ஃபெருஜினியஸில்.