நிலவு உரையை எழுதியவர்

வில்லியம் சஃபயர், அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு உரை எழுதிக் கொடுத்தவர். 1969 ஜூலையில், நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் திரும்ப முடியாமல் போனால் அதிபர் என்ன பேசுவது என்று எழுதி வைத்தது இவர்தான். முதலில் இருவரின் மனைவியருக்கும் அதிபர் போன் செய்ய வேண்டும், தொடர்பு அறுந்ததும் பாதிரியார் கடலில் அடக்கம் செய்யும் முறைப்படி ஜெபிக்க வேண்டும் என்றுகூட அதில் குறிப்பு உண்டு. நல்லவேளை, தேவைப்படவில்லை.

1973-இல் நியூயார்க் டைம்ஸுக்குப் பத்தி எழுத வந்தார். நிக்சன் ஆள் என்று அங்கே பலருக்கும் முகம் சுளிப்பு. அப்புறம் பார்த்தால், வெள்ளை மாளிகையில் இருந்தபோதே இவர் போனையும் நிக்சன் ஆட்கள் ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள்! அதிபர் கார்ட்டரின் பட்ஜெட் இயக்குநர் பெர்ட் லான்ஸின் பண விவகாரங்களைத் தோண்டியதற்கு 1978-இல் புலிட்சர் இதழியல் விருது. பிற்பாடு லான்ஸும் இவரும் நண்பர்களானது தனிக்கதை. ஈராக் போருக்கு வாங்கிய வக்காலத்துதான் எனக்கு ஒப்பவே இல்லை.