பெட்டிக்குறியைத் தேடி: தருக்க ஆய்வு நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2024

தருக்கவியலர் கோடெல் 1933இல் வெளியிட்ட அந்தச் சின்னஞ்சிறு கட்டுரையை மறுபடி எடுத்தேன். பிரவுவரின் மாணவர் ஹைட்டிங் 1930இல் விதிகளாக ஒழுங்குபடுத்திய உள்ளுணர்வுத் தருக்கத்தை (நிறுவல் இருந்தால்தான் ஒரு கூற்றை உண்மை என்று கொள்ளும் தருக்கம் அது), எஸ்4 என்ற மோடல் தருக்கத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார் கோடெல். மோடல் தருக்கத்தில் கூற்றின் முன் பெட்டிக்குறி இட்டு, 'கட்டாயம் உண்மை' போன்றவற்றைச் சொல்வார்கள். பெட்டிக்குறிக்கு அவர் தரும் பொருள் 'நிறுவத்தக்கது'. உள்ளுணர்வுத் தருக்கத்தில் தேறுவது எஸ்4இலும் தேறும். எதிர்த்திசையும் சரியே என்று ஊகித்தார். 1948இல் மெக்கின்சியும் தார்ஸ்கியும் அதை நிறுவினார்கள்.

என்னைத் தூங்கவிடாதது அவர் போகிறபோக்கில் தரும் எச்சரிக்கை. இந்தப் பெட்டியை எண்கணிதம் போன்ற ஒரு குறிப்பிட்ட அமைப்புக்குள் நிறுவத்தக்கது என்று படிக்கக் கூடாது. 'நிறுவத்தக்கது எனில் உண்மை' என்பதே எஸ்4இல் நிறுவத்தக்கது. ஒரு முரண்பாட்டுக்கு அதைப் பொருத்தினால், அமைப்பு தன் முரணின்மையைத் தானே நிறுவிவிட்டதாகும். அவருடைய இரண்டாம் முழுமையின்மைத் தேற்றம் அதற்கு இடங்கொடுக்காது. அப்படியானால் உள்ளுணர்வுத் தருக்கத்துக்கு எண்கணிதத்துக்குள் இடமே இல்லையா?

பிப்ரவரி 8

வகுப்பில் கரும்பலகையில் இரண்டு புள்ளிகள், கீழிருந்து மேலே ஓர் அம்பு. புள்ளி ஒவ்வொன்றும் அறிவின் ஒரு நிலை, அம்பு அடுத்து எட்டக்கூடிய நிலையைக் காட்டும். 'ப' என்ற கூற்று மேலே மட்டும் உண்மை. தருக்கவியலர் கிரிப்கியின் முறையில், 'ப'-இன் மறுப்பு ஒரு புள்ளியில் உண்மையாக, அங்கிருந்து எட்டும் எந்தப் புள்ளியிலும் 'ப' உண்மையாகக் கூடாது.

"கீழே அது உண்மையில்லை என்றால் பொய்தானே, சார்?" என்றாள் ஒரு மாணவி. மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். பலகைக்கு வந்து அம்பின் மேல் விரலை ஓட்டினாள். மேலே 'ப' நிற்கிறது, ஆகவே கீழே மறுப்பும் நிற்காது. 'ப அல்லது ப-இன் மறுப்பு' என்ற வழக்கமான விதி கீழ்ப்புள்ளியில் விழுந்துவிட்டது. இவ்வளவு சிறிய படம் இவ்வளவு பெரிய விதியைச் சாய்ப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிப்ரவரி 13

ஒன்றையொன்று பார்க்கும் இரு புள்ளிகளை எஸ்4 அனுமதிக்கிறது. உள்ளுணர்வுத் தருக்கத்துக்கோ அவை இரண்டும் ஒன்றே: ஒருமுறை அறிந்தது பின்னால் அழியாது, எனவே ஒன்றில் நிற்பது மற்றதிலும் நிற்கும். எஸ்4உடன் கோர்செகோர்சிக் சேர்த்த கூடுதல் விதி, முடிவுள்ள சட்டகங்களில், அதாவது புள்ளிகளும் அம்புகளும் சேர்ந்த இத்தகைய படங்களில், இத்தகைய சுழல்களை ஒழிக்கிறது. ஆனால் உள்ளுணர்வுத் தருக்கத்தை மோடல் தருக்கத்துக்குள் வைக்கும் கோடெலின் பெயர்ப்பு துளியும் கெடுவதில்லை. அந்தப் பெயர்ப்பு கெடாமல், எஸ்4ஐ விரித்து இதற்கு மேல் வலுவான தருக்கம் கிடையாது என்று காட்டியவர் திபிலீசியின் எசாக்கியா. எஸ்4ஐவிட இதுவே நமக்குத் தேவையான வீடு என்பது என் கட்சி.

பிப்ரவரி 20

உள்ளுணர்வுத் தருக்கத்துக்கு எண்கணிதத்துக்குள் இடமுண்டா என்ற கேள்விக்கு வழி பிறந்தது இங்கேதான். இயல் எண்களுக்கான அடிப்படை விதிகளின் தொகுப்பான பியானோ எண்கணிதம் தன் நிறுவத்தக்கமையைப் பற்றி எதையெல்லாம் நிறுவும் என்பதை முழுமையாகப் பிடிக்கும் மோடல் தருக்கம் ஜிஎல். 1976இல் சொலவே நிறுவியது. அதன் சட்டகங்களில் எந்தப் புள்ளியும் தன்னைப் பார்ப்பதில்லை. பெட்டியை 'உண்மை, நிறுவவும் தக்கது' என்று படித்தால் ஒவ்வொரு புள்ளியும் தன்னையும் பார்க்கத் தொடங்குகிறது. கிடைப்பது கோர்செகோர்சிக்கின் தருக்கமேதான்! கோல்ட்பிளாட் 1978இல் இந்தப் பாதையை எழுதினார். உள்ளுணர்வுத் தருக்கம் அவ்வழியே எண்கணிதத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

ஆனாலும் 'உண்மை' என்ற சொல்லை வெளியிலிருந்து சேர்த்தது எனக்கு உறுத்துகிறது. கோடெல் கேட்டது நிறுவலை மட்டும். 1990களில் அர்த்தெமொவ் பெட்டியை எடுத்துவிட்டு, 'இந்த நிறுவல் இந்தக் கூற்றை நிறுவுகிறது' என்று நிறுவலையே பெயர்சொல்லி எழுதினார். குறிப்பிட்ட ஒரு நிறுவலை எண்கணிதம் சரிபார்த்துவிடும். ஆகவே அங்கே பழைய எச்சரிக்கை குறுக்கே நிற்பதில்லை. அடுத்த வாரம் அதற்கு.