செத்தல் மிளகாய்ப் புகை

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த சேரைப் பற்றி எங்கள் பழைய மாணவர் மலரின் போன இதழ்களில் பலர் எழுதிவிட்டார்கள். அவருடைய பிரம்பைப் பற்றியும்தான். நான் சொல்ல வந்தது, மெக்சிக்கோவை ஒருகாலம் ஆண்ட அஸ்டெக் மக்களைப் பற்றி அவர் ஒரேயொரு பாடவேளை எடுத்த பாடம்.

அது பாடத்திட்டத்திலேயே இல்லை. கணக்கு ஆசிரியர் லீவு, வெளியே மழை. சேர் வந்து கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று கீறி, "இது வாவி" என்றார். நடுவில் வெண்கட்டியால் ஒரு குத்து. "இது டெனோச்டிட்லான். 1325." கள்ளிச் செடியில் கழுகு இருக்கக் கண்ட இடத்தில் அஸ்டெக்குகள் தங்கள் தலைநகரை அமைத்த கதையைச் சொன்னார். அப்புறம் கோயில் உச்சியில் ஆளைக் கிடத்தி நெஞ்சைப் பிளப்பார்கள் என்றார். அவ்வளவுதான். மணி அடிக்கும்வரை நாங்கள் அவரை அதைவிட்டு நகர விடவில்லை. நாற்பது வருசமாக எனக்கு அஸ்டெக் என்றால் அந்த நெஞ்சுதான்.

போன வருடம் மகளோடு மெக்சிக்கோ நகரம் போனேன். டெனோச்டிட்லான் இருந்த இடத்தின் மேல்தான் அந்த நகரம் நிற்கிறது. சேர் சொன்ன பெரிய கோயிலின் அடித்தளம் இப்போது நகரின் நடுவே திறந்து கிடக்கிறது. 1978இல் மின்சார வேலையாட்கள் தெருவைத் தோண்டும்போது, உறுப்புகள் வெட்டுண்ட ஒரு பெண் தெய்வம் செதுக்கிய வட்டக் கல் அகப்பட்டதில்தான் பெரிய அகழ்வே தொடங்கியது. சேர் பொய் சொல்லவில்லை. 2015இல் அங்கே கண்டெடுத்த, பலியானவர்களின் மண்டையோட்டு அடுக்கில் பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும் இருந்தன. அதற்குச் சாக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சேர் சொல்ல நேரமில்லாமல் போனது எவ்வளவோ இருந்தது.

அருங்காட்சியகத்தில் நான் அசையாமல் நின்றது ஓர் அரைகல்லின் முன். சரிவான கருங்கல், மூன்று குட்டைக் கால், மேலே குழவி. அம்மியேதான்! அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவிட்டு, தோல் கழற்றி, முழங்காலில் இருந்து அதில் அரைத்தார்கள். அந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு விற்றமினை அது உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே சாப்பாடாக இருந்த ஏழைகளுக்கு, அந்த விற்றமின் குறைவால் வரும் பெலக்ரா நோய் வந்தது.

மறுநாள் சொச்சிமில்கோ வாய்க்கால்களில் வள்ளத்தில் போனோம். மிதக்கும் தோட்டம் என்று சுற்றுலாக்காரர் சொல்வார்கள். எதுவும் மிதக்கவில்லை. ஆழமில்லாத வாவியில் சேறும் செடிகொடியும் குவித்து மேடாக்கி, ஓரத்தில் மரம் நட்டு வேரால் கட்டிய நிலம் அது. ஒருவர் வாய்க்கால் சேற்றை அள்ளிப் பரவி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் விரலால் குழி வைத்து விதை போட்டுக்கொண்டிருந்தார். பழைய முறையே அதுதானாம்.

லண்டன் திரும்பிய பிறகுதான் மென்டோசா ஏட்டைத் தேடிப் பார்த்தேன். நகரம் 1521இல் ஸ்பானியரிடம் விழுந்து இருபது வருசமளவில், உள்ளூர் ஓவியர்கள் வரைந்த ஏடு. இப்போது ஒக்ஸ்போர்ட்டில், என் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது. அதில் பிள்ளை வளர்ப்பு வருசம் வருசமாக வரைந்திருக்கிறது. பிள்ளையின் தலைக்கு மேலே, அந்த வயதுக்குக் கொடுக்கும் அளவுச் சோள ரொட்டி. மூன்று வயதுக்கு அரை ரொட்டி, நாலு வயதுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்றரை, பதின்மூன்றுக்கு இரண்டு. நாலு வயதுப் பெடியன் தண்ணீர் சுமக்கிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த அம்மியில் அரைக்கிறாள்.

பிறகு பள்ளிக்கூடம். சாதாரண வீட்டுப் பெடியன்களுக்குத் தெல்போச்கல்லி: விறகு சுமப்பது, வாய்க்கால் வெட்டுவது, போர்ப் பயிற்சி. பெரும்பாலும் பிரபுக்களின் பிள்ளைகள் போன கல்மெக்காக்கில் நாட்காட்டி, பாட்டு, படவெழுத்து. அங்கே கண்டிப்பும் கூட, நடுச்சாமத்தில் எழுப்பிக் குளிர்ந்த நீரில் குளிக்கவைப்பார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தண்டனை கூட என்றால் எங்கள் விடுதிப் பெடியன்கள் நம்பமாட்டார்கள்.

அந்த ஏட்டில் பதினொரு வயதுக்காரனின் படம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சொல் கேளாத மகனைத் தகப்பன் பிடித்து, எரியும் மிளகாய்ப் புகைக்கு மேலே முகத்தைக் காட்டுகிறார். பெடியனின் கன்னத்தில் கண்ணீரைக்கூட வரைந்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு இருமல் வந்தது. எங்கள் குசினியில் செத்தல் வறுக்கும் நாளில் வீடு முழுக்க வரும் அதே இருமல். அந்த மிளகாயே அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கேயரின் கப்பல்களால் எங்கள் பக்கம் வந்ததுதானே.

படத்தை, அன்று கடைசி வாங்கில் என்னோடு இருந்தவனுக்கு அனுப்பினேன். இப்போது ரொரன்ரோவில் இருக்கிறான். பத்து நிமிடத்தில் பதில்: "மச்சான், அம்மா எனக்குச் செத்தல் புகை காட்டினது நாவூறுக்கு எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்."