117 செய்தி, ஒரு புகார்கூட இல்லை

எங்கள் தெருமுனையில் ஒரு விளக்கு பதினோரு நாளாக எரியாமல் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி வந்த செய்திகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 117. இருட்டைப் படம் எடுத்து நான்கு பேர் போட்டிருந்தார்கள் (இருட்டைப் படம் எடுத்தால் என்ன தெரியும், கறுப்பாகத்தான் தெரியும்), கோபமான முகங்கள் வரிசையாக, "வரி மட்டும் கரெக்டா வாங்குறாங்க" என்று ஆறு பேர், நடுவில் யாரோ ஒரு காலை வணக்கம். சரி, புகார் எண் என்ன என்று கேட்டேன். குழு அப்படியே அமைதியாகிவிட்டது. ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், நானும்தான்.

விளக்கு கெட்டுப்போனால் அலுவலகத்துக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தே ஒவ்வொரு விளக்கையும் கவனிக்கிற வசதி சில நகரங்களில் இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் யோசித்துப் பாருங்கள்: விளக்கு எரியவேண்டிய நேரத்தில் அதைப் பராமரிக்கிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்கள் வேலைக்கு வருகிற நேரத்தில் நல்ல விளக்கும் கெட்ட விளக்கும் ஒரே மாதிரிதான் நின்றுகொண்டிருக்கும். யாராவது சொன்னால்தான் உண்டு.

அன்றைக்கே செயலியில் புகார் போட்டேன். "தெருமுனை விளக்கு எரியவில்லை, உடனே சரிசெய்யவும்." இரண்டாம் நாள் மாலை குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு.

வந்த கோபத்தில் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கம்ப எண் என்ன சார்?" ஒன்பது வருடமாக அந்தக் கம்பத்தைக் கடந்து போகிறேன், அதற்கு ஓர் எண் இருப்பதே எனக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். கைபேசி வெளிச்சத்தில் கம்பத்தைச் சுற்றி வந்தால், என் கண் உயரத்தில், மஞ்சள் பெயின்ட்டில், ட்யூஷன் நோட்டீசுக்கும் "வீடு வாடகைக்கு" நோட்டீசுக்கும் அடியில் ஏதோ எழுதியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்து வந்தது, கடைசி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பக்கத்துக் கம்பத்தைப் போய்ப் பார்த்து, அது இரண்டு என்றால் இது மூன்றாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன்.

நமக்கு அது "தெருமுனை". ஆனால் தெருவுக்கு இரண்டு முனை. அவர்கள் கணக்கில் இருப்பது கம்பம், அதன் எண், அது எந்த வார்டு, எந்தப் பிரிவு என்பதுதான். விளக்கு ஒரு பிரிவு, குடிநீர் ஒரு பிரிவு, மழைநீர் வடிகால் ஒன்று, கழிவுநீர் இன்னொன்று. நடுத்தெருவில் ஒரு மூடி உடைந்து கிடந்தால் அது சாக்கடையுடையதா, தொலைபேசிக் கம்பியுடையதா, மின்சாரத்துடையதா என்பதைப் பொறுத்து அலுவலகமே மாறும். பல மூடிகளில் யாருடையது என்பதை இரும்பிலேயே வார்த்திருப்பார்கள். குனிந்து படித்தால் போதும், இரண்டு வாரம் மிச்சம்.

இதனால்தான் ஒரு புகாரில் ஒரு விஷயம் மட்டும் எழுதச் சொல்கிறேன். முன்பு ஒரு தடவை விளக்கு, குப்பை, பள்ளம் மூன்றையும் சேர்த்து ஒரே புகாராக, உருக்கமாக, பத்தி பிரித்தெல்லாம் எழுதியிருந்தேன். குப்பைக்காரர்கள் வந்து குப்பையை அள்ளினார்கள், புகாரை முடித்தார்கள், விளக்கும் பள்ளமும் அதோடு போயிற்று. உருக்கம் யாருக்கும் வேண்டாம். எண், இடம், என்ன கோளாறு, எப்போதிலிருந்து, அவ்வளவுதான். படம் எடுத்தால் இரண்டு எடுங்கள்: ஒன்று கோளாறு தெரிகிற மாதிரி கிட்டத்தில், ஒன்று பக்கத்துக் கட்டடமோ பெயர்ப்பலகையோ தெரிகிற மாதிரி தூரத்தில். பள்ளத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது உலகத்தில் எந்தப் பள்ளமாகவும் இருக்கலாம்.

விளக்குக் கதைக்கு வருகிறேன். கம்ப எண்ணோடு மறுபடி போட்டதும் ஆள் வந்தார், ஏணி போட்டு ஏறினார், விளக்கை மாற்றினார், அப்போதும் எரியவில்லை. "பூமிக்கு அடியில் கேபிள் போயிருக்கு அண்ணே, அது நாங்க இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அரை மணி நேரத்தில் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்துவிட்டது. பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் மேசையில் இருந்த வேலை தீர்ந்துவிட்டது, அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் அவ்வளவுதான் பொருள். மீண்டும் திறக்க வசதி இருந்தால் சில நாள் கெடுவுக்குள் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் புதுப் புகார் போட்டு, பழைய எண்ணைக் குறிப்பிட்டு, "விளக்கு மாற்றியாயிற்று, கேபிள் பழுது" என்று எழுத வேண்டும். அப்படி எழுதின பிறகுதான் அது போகவேண்டிய பிரிவுக்குப் போனது.

எந்தப் புகாருக்கும் ஒரே எண்ணைக் கூப்பிடலாம் என்கிற ஏற்பாடு அப்படியொன்றும் பழையதில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1996இல் 311 என்ற எண்ணைக் கொண்டுவந்தார்கள். அவசர எண்ணான 911ஐ அவசரமில்லாத விஷயத்துக்கெல்லாம் கூப்பிட்டு மக்கள் அடைத்துவிட்டார்கள், அந்தச் சுமையைக் குறைக்கத்தான். சிகாகோ 1999இல் அதையே நகரச் சேவைகள் எல்லாவற்றுக்கும் ஆக்கியது, நியூயார்க் 2003இல் ஆரம்பித்தது.

நியூயார்க் என்றதும் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2005இல் ஒரு ராத்திரி அந்நகரின் மன்ஹாட்டன் பகுதி முழுக்க மேப்பிள் பாகு (மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிச் செய்கிற இனிப்புப் பாகு) வாசனை. நல்ல வாசனைதான், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வாசனை என்றால் ஜனங்களுக்குப் பயம்தானே. விஷவாயுவோ என்று போன் மேல் போன். ஆபத்தில்லை என்று சொன்னார்கள், வாசனையும் போய்விட்டது. ஆனால் சில மாதம் விட்டு மறுபடி, மறுபடி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டார்கள் என்பதை வரைபடத்தில் குறித்து, அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதோடு வைத்துப் பார்த்தார்கள். கோடு ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குப் போனது. அங்கே வாசனைப் பொருள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதப்படுத்திக்கொண்டிருந்தது வெந்தயம்! 2009 தொடக்கத்தில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் செய்தியாளர்களைக் கூட்டி இதை அறிவித்தார். கூப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தன் புகார் "தீர்ந்த" மாதிரி அன்றைக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நேரமும் இடமும் பதிவாகியிருந்தது. அத்தனை பேரும் தங்கள் நண்பர்களிடம் மட்டும் புலம்பியிருந்தால் இன்றுவரை அது பேய்க்கதைதான்.

பிரிட்டனில் 2007இல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தார்கள். அதில் நம் புகார் வரைபடத்தில் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே போட்டிருக்கிறாரா என்றும் பார்க்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். மூடிய பெட்டிக்குள் போடுகிற புகாரில் நாமும் தனியாக நிற்கிறோம், அதைப் பார்க்கிற அதிகாரியும் தனியாக இருக்கிறார்.

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. கைபேசியும் நேரமும் சண்டை போடுகிற வாயும் இருக்கிறவன் தெருவுக்கு விளக்கு வரும். இரண்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அதே இருட்டில் நடந்து வருகிறவர் எப்போது செயலியைத் திறந்து கம்ப எண்ணைத் தேடுவார்? புகார் வராத தெருவில் கோளாறே இல்லை என்று கணக்கு சொல்லும். அதனால் இப்போது நான் போகிற வழியில் எந்தத் தெருவில் விளக்கு எரியாவிட்டாலும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். வீட்டில் இதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

நாம் சொல்வது அவர்களுக்குப் போய்ச்சேராதது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் சொல்வதை நாமும் படிப்பதில்லை. போன மாதம் குழாய்ப் பணிக்காக ஒருநாள் தண்ணீர் நிறுத்தம் என்று மூன்று நாள் முன்பே அறிவிப்பு வந்திருந்தது. குழுவில் நானே பகிர்ந்தேன். நிறுத்தத்துக்கு மறுநாள் தண்ணீர் வந்தபோது பால் மாதிரி வெள்ளையாக வந்ததும் மூன்றாவது மாடி அக்கா அலறிவிட்டார். "தம்பி, மருந்தை அள்ளிக் கொட்டிட்டாங்க போல!" ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைக்கச் சொன்னேன். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. அப்படித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, குழாயை வடித்து மறுபடி நிரப்பும்போது உள்ளே சிக்கின காற்று. பழுப்பாக வந்தால் வேறு விஷயம்: நீரோட்டம் நின்று திடீரென்று கிளம்பும்போது குழாயின் உட்சுவரில் படிந்திருந்த துரு கலங்கி வருகிறது. பச்சைத்தண்ணீர்க் குழாயைத் தெளிகிறவரை திறந்துவிட வேண்டும், ஹீட்டரைப் போடக் கூடாது, வெள்ளைத் துணியை அன்றைக்குத் துவைக்கக் கூடாது. தெளியவே இல்லையென்றால், அதையும் புகாராகத்தான் போட வேண்டும், குழுவில் இல்லை.

விளக்கு எரிந்தது. இருபத்தி நான்காம் நாள். ரோட்டை ஒரு முழ அகலத்துக்குத் தோண்டி, கேபிளை ஒட்டி, மூடிவிட்டுப் போனார்கள். அந்த மூடலைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், இப்போது வேண்டாம்.

முந்தாநாளிலிருந்து அதே விளக்கு பகலிலும் எரிகிறது. அணைக்கவே மாட்டேன் என்கிறது. குழுவைத் திறந்தால் அதற்குள் 31 செய்தி. வழக்கம்போலப் புகார் எண் கேட்கலாம் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன், அதற்குள் மூன்றாவது மாடி அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். புகார் பதிவாகிவிட்டது, ஒரே விஷயம், இரண்டு படம், கம்ப எண்ணோடு. கடைசி இலக்கத்தை மட்டும் எட்டு என்று எழுதியிருக்கிறார்.