கால் துள்ளுச்சு, அம்மா தேங்காய் உடைச்சாங்க

முதுகெலும்புல அடிபட்ட புதுசுல காலு ரெண்டும் தொளதொளன்னு கெடக்கும், தூக்கிப் போட்டா போட்ட எடத்துல கெடக்கும். சில வாரம் கழிச்சு திடீர்னு ஒரு நாள் தானா துள்ளும், முட்டி மடங்கும், பாதம் வெடவெடன்னு நடுங்கும். எனக்கு அடிபட்டது நெஞ்சு மட்டத்துல, டாக்டருங்க டி8னு சொல்வாங்க, சாரத்துல இருந்து விழுந்ததுல. முதல் தடவை கால் துள்ளுன அன்னைக்கு அம்மா ஓடிப்போய் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்துட்டாங்க, மாமா சித்தப்பா எல்லாருக்கும் போன் போட்டு "அசையுது, புள்ள எந்திரிச்சுருவான்"னு ஒரே அழுகை, சந்தோஷ அழுகை. நானும்தான் நம்புனேன்.

பிசியோதெரபி பாத்த அக்காதான் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னாங்க. இதுக்குப் பேரு ஸ்பாசம் தம்பி, மூளை சொல்லி அசையல, அடிபட்ட எடத்துக்குக் கீழ இருக்குற தண்டுவடம் அதுவா இழுக்குது, நீங்க நெனச்சு அசைச்சுப் பாருங்கன்னாங்க. அசையல. அன்னைக்கு ராத்திரி அழுத மாதிரி நான் விழுந்த அன்னைக்குக்கூட அழல.

ஆனா அந்த அழுகை எனக்குத் தேவைப்பட்டுச்சுன்னு இப்ப புரியுது. பாக்க வந்தவங்க அத்தனை பேரும் "நடந்துருவ, தைரியமா இரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, எண்ணெய் வைத்தியம், நேர்த்திக்கடன், யாரோ ஒருத்தர் கேரளாவுல எந்திரிச்சு நடந்தாராம். சாவு வீட்டுல போயி 'எந்திரிச்சு வந்துருவாரு'ன்னு யாராச்சும் சொல்வாங்களா? என் காலுக்குத் துக்கம் கொண்டாட எனக்கு ஒரு நாள்கூட யாரும் குடுக்கல. நரம்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தா ஓரளவு திரும்பும், இல்லங்கல, அத ஆசனவாய் பக்கம் உணர்ச்சி இருக்கான்னு டாக்டர் சோதிச்சுப் பாத்து சொல்வாங்க. அத வீட்டுக்காரங்க நேரடியாக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும், கேட்டதை அடிபட்டவன்கிட்ட மறைக்கவும் கூடாது.

தெரிஞ்சதுக்கப்புறம்தான் எனக்கு வேலையே ஆரம்பிச்சுது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர், அதான் மூத்திரம் எடுக்கற குழாய், நானே போட்டுக்கறது, வீல்சேர்ல கால் மணிக்கு ஒரு தடவை கைய ஊனி ஒடம்பத் தூக்கறது, ராத்திரி கண்ணாடி வச்சுப் பின்பக்கம் செவந்திருக்கான்னு பாக்கறது, ஏன்னா வலி தெரியாத எடத்துல புண்ணு வந்தா எலும்பு வரைக்கும் போயிரும். இதெல்லாம் கத்துக் குடுத்தது வார்டுல பக்கத்து பெட் அண்ணன், பல வருஷமா வீல்சேர்ல இருக்கறவர். பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசறது, பக்கத்துல படுக்கறது பத்தி, புருஷனாவே இல்லையோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கறது பத்தி, டாக்டர்கிட்ட வாய் வராததை எல்லாம் அவர்கிட்டதான் கேட்டேன். ஆறுதல் சொல்ல நூறு பேர் வந்தாங்க, எனக்கு உதவுனது அவர்தான்.

எங்க பக்கம் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் ஐயாவைத் தெரியாதவங்க இல்ல. 1975ல கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன எடத்துல விழுந்து கையும் காலும் வெளங்காமப் போச்சு, 1981ல மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் ஆரம்பிச்சாரு, தனக்கு வைத்தியம் பாத்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரைத்தான் அதுக்கு வச்சாரு. 2020ல பத்மஸ்ரீ. அந்த விருதைவிட எனக்குப் பெருசாத் தெரியறது விழுந்ததுக்கும் சங்கம் ஆரம்பிச்சதுக்கும் நடுவுல இருக்கற அந்த ஆறு வருஷம். அதை யாரும் பேசறதில்ல, எனக்கு அதான் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்.

சாகணும்னு தோணுற ராத்திரி வரும், எனக்கும் வந்துச்சு. அப்ப 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. உங்க வீட்டுல யாருக்காவது புதுசா அடிபட்டிருந்தா, உங்க ஊர்ல பழைய வீல்சேர்க்காரர் ஒருத்தரைத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க, அவங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு நீங்க வெளிய வந்துருங்க.