நிலாவெளி மணலில் திராட்சை: மருந்தைக் குறைத்த விதம்

வெங்காயம் போடுகிற மணல் தரையில் திராட்சை வருமா என்று இப்போதும் ஆட்கள் கேட்கிறார்கள். வரும். எங்கள் வளவுக்குப் பின்னால் கால் ஏக்கர் பந்தலில் இஸ்ரேல் புளூ என்ற திராட்சை இனம் நிற்கிறது, கன்று யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. மருந்து இல்லாமல் வருமா என்று கேட்டால்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். 2021 இல் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் திடீரென்று தடை செய்து, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையை எடுத்ததே, அந்த இடைவெளியில் வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான் இது. தடை போனதும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் பழைய போத்தல்களுக்குத் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை.

முதலில் கவ்வாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. குளிர் நாட்டில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை கொட்டி உறங்கும், எங்கள் வெயிலில் அது உறங்காது, வெட்டினால் தளிர்க்கும், வெட்டியதில் இருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். அப்படியென்றால் வருடத்துக்கு மூன்று முறை வெட்டலாம்தானே என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் மூன்றாவது காய்ப்பு நேராக வாடைக்காற்று மழையில் போய் விழும். இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் பொட்டு, காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். அடிச்சாம்பல் நோய் என்பது இதுதான், இலை ஈரமாக இருந்தால்தான் இது பரவும், ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இங்கே இலை காய்வதே இல்லை. மருந்துக் கடைக்குப் போன காசில் பெரும்பகுதி இந்த ஒரு காய்ப்பைக் காப்பாற்றத்தான் போனது. அதனால் அதை விட்டுவிட்டேன். தை கடைசியில் மழை ஓய்ந்ததும் ஒரு வெட்டு, வைகாசியில் பழம். இரண்டு கிழமை ஆறவிட்டு அடுத்த வெட்டு, புரட்டாதியில் பழம். இதில் ஒரு கிழமை பிந்தினாலும் ஐப்பசி மழை பிடித்துவிடும், அதனால் இரண்டாவது வெட்டில் தாட்சண்யம் பார்க்க ஏலாது.

பக்கத்து வெங்காயத் தோட்டத்து ஐயாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "தம்பி, காய்க்கிற முந்திரிகையைச் சும்மா விடுறது நட்டமெல்லோ?" என்றார், திராட்சையைத்தான் முந்திரிகை என்பார். "மருந்துக் காசையும் அடிக்கிற கூலியையும் கழிச்சுப் பாருங்கோ ஐயா" என்றேன். கழித்துப் பார்த்தாரோ தெரியாது, இன்னும் அதையேதான் கேட்கிறார்.

அந்த மழை மாதங்களில் கொடி இலையோடு நிற்கும், பந்தலுக்குக் கீழே கௌப்பியும் சணலும் (சணப்பை) விதைப்பேன். மணலில் போட்ட மாட்டெரு மழையோடு கீழே இறங்கிப் போய்விடும், உயிருள்ள வேர் இருந்தால்தான் பிடித்து வைக்கும். போதாததற்கு இரண்டும் அவரை இனம், காற்றில் உள்ள நைதரசனையும் வேரில் சேர்த்துத் தரும். பூக்கத் தொடங்கும்போதே வெட்டிப் படுத்துவிட வேண்டும், முற்றினால் சணல் நாராகி உக்கக் கனநாள் எடுக்கும். அதற்கு மேல் தம்பலகாமத்து வைக்கோல். அடிமரத்தில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறையானுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகும்.

மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெட்டிய கையோடு கொடிக்கட்டைக்குப் போர்டோக் கலவை அடிக்கிறேன். 100 கிராம் மயில்துத்தத்தை (செப்புச் சல்பேற்று) ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லீற்றர் தண்ணீரில் கரைத்து, இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லீற்றரில் கரைத்து வடித்து, நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். தகர வாளி வேண்டாம், செம்பு அரித்துவிடும். பிறகு துரு ஏறாத ஒரு சாதாரண இரும்பு ஆணியை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். செங்கல் நிறத்தில் படை பிடித்திருந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஆணி வெள்ளையாகவே வந்தால் சரி. அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும், அடுத்த நாளைக்கு வைக்கக் கூடாது. பிரான்சின் போர்தோப் பகுதியில் 1880களில் தெருவோரக் கொடிகளில் ஆட்கள் பழம் களவெடுக்காமல் இருக்கத்தான் இதைத் தெளித்தார்களாம், தெளித்த கொடிகளில் மட்டும் இலை கொட்டாமல் நின்றதை மிலார்தே என்ற பேராசிரியர் கவனித்து மருந்தாக்கினார். இயற்கை விவசாயத்திலும் அனுமதி உண்டு என்பதற்காக அள்ளி அடிக்கவும் கூடாது. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு, அது மண்ணில் தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பாவில் 7 வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போடக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அதனால் வெட்டிய கட்டைக்கு மட்டும்தான் அடிக்கிறேன், இலைக்கு இல்லை.

மழை இல்லாத மாதங்களில் வருவது சாம்பல் நோய், அதற்கு ஈரம் தேவையில்லை, நிழலும் புழுக்கமும் போதும். கந்தகம் அடிக்கலாம், ஆனால் கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசுகிற நாளில் அடித்தால் இலை கருகும், அந்த மாதங்களில் இங்கே 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நான் செய்வது, குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுவது, பிறகு மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து காலை வெயிலில் அடிப்பது. பாலும் இதே வேலை செய்யும், வெளிநாட்டில் ஆராய்ந்தும் இருக்கிறார்கள், ஆனால் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் பாலைக் கொடிக்கு அடித்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

தண்ணீர் விசயத்தில் கவனம். கடலோரக் கிணற்றில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி இருக்கும், அதனால் மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெரிய மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைப்பதை நிறுத்திச் சொட்டுநீருக்கு மாறினேன். இலை விளிம்பு கருகினால் நோய் என்று மருந்து தேடாமல் முதலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள்.

வௌவாலும் கொண்டைக்குருவியும் அணிலும் தங்கள் பங்கை எடுக்கும். பந்தல் முழுக்க வலை போட்டால் குருவி சிக்கிச் சாகிறது, பார்க்கச் சகிக்காது. அதனால் பழைய நுளம்பு வலையில் அம்மா தைத்துத் தருகிற பைகளைக் குலைக்குக் கட்டுகிறேன். வேலை கூடத்தான், கால் ஏக்கர் என்பதால் கட்டுப்படியாகிறது, ஐந்து ஏக்கர்காரருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

விற்பனை அநேகமாக ஊருக்குள்ளேதான். கடற்கரை விடுதி ஒன்றில் இயற்கை விவசாயச் சான்றிதழ் கேட்டார்கள். ஐரோப்பிய விதிப்படி திராட்சை மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு அதற்கு 3 வருட மாறுகாலம், கட்டணம் வேறு. கால் ஏக்கருக்கு அது எனக்குக் கட்டாது என்று சொல்லி, பந்தலை வந்து பாருங்கள் என்றேன். சமையற்காரர் வந்தார், பையை அவிழ்த்து இரண்டு பழம் வாயில் போட்டார், விலை கேட்டார். இப்போது வைகாசிப் பழத்தில் பாதி அங்கேதான் போகிறது.